ஊரறிய ஒரு ஜெபம்

அத்தியாயம் 11

பொன்செல்விக்குக் கோபம் வந்தால் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்வது பாத்திரங்கள்தான். அன்று காலை கரமனை வீட்டு அடுக்களையில் புட்டுக்குடம், சல்லடை, தோசைக்கல் என்று ஒன்றும் தப்பவில்லை. ஜூன் மாத மழை விட்டபாடில்லை. துவைத்த துணி காய்ந்தபாடில்லை. கேஸ் அடுப்பின் ஒரு பக்கம் எரிய மறுத்தது. கணவர் வன்னியராஜோ காலைச் சாப்பாடே வேண்டாமென்று விடிந்ததும் விடியாததுமாகக் கடைக்குப் போய்விட்டார்.

அதில்தான் அவளுக்குச் சந்தேகம். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் சாப்பாட்டை வேண்டாமென்று சொன்னதெல்லாம் ஏதாவது செய்து தொலைத்த நாட்களில் மட்டும்தான்.

"ஆண்டவரே, இந்த ஆளு என்னத்தச் செஞ்சாருன்னு உமக்குத் தெரியும். எனக்கும் ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே தேங்காயைத் துருவினாள்.

பொன்செல்வி இப்படித்தான். அடுக்களையில் நிற்கிற நேரமெல்லாம் கர்த்தரோடு வழக்கு. முட்டுவலி, மீன் விலை, கழுவக் கழுவக் குவிகிற பாத்திரம் எல்லாவற்றையும் அவரிடம்தான் கொட்டுவாள். அது ஜெபத்தில் சேருமா சேராதா என்று அவளுக்கே தெரியாது. ஜெபம் என்றால் அது வன்னியராஜ் செய்வது. அவர் கண்ணை மூடிக் கையை உயர்த்தினால் கேட்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். எங்கே கன்வென்ஷன் கூட்டத்துக்குப் பந்தல் போட்டாலும் முன்வரிசையில் இருப்பார். ஒருதரம் மலையில் ஜெபிக்கிறேன் என்று பொன்முடிக்குப் போய், கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ஒதுங்கிக் கிடந்து காய்ச்சலோடு திரும்பினார். "நமக்கு நிரம்பி வழியுற அனுபவம் வேணும் செல்வி" என்பது அவருடைய தீராத ஆசை. வழிந்தால் துடைக்கிற வேலை தனக்குத்தானே வரும் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அடுத்த அறையில் பெனிலா தூங்கிக்கொண்டிருந்தாள்.

கொல்லத்தில் ஜெயனுக்குக் கட்டிக்கொடுத்த ஒரே மகள். வயிற்றிலேயே பிள்ளை தங்காமல் போனதும், ஆஸ்பத்திரியிலிருந்து மாமியார் வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்துவிட்டு ஒற்றைப் பையோடு இங்கே வந்து இறங்கியதும், வந்தது முதல் ஃபோனை அணைத்துவைத்துவிட்டுத் தூங்கித் தூங்கி விழிப்பதும் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். முந்தின நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இனி அங்க போக வேண்டாம்னு தோணுதும்மா."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த வன்னியராஜின் காதிலும் அது விழுந்துவிட்டது. பெனிலா இரண்டு பேரையும் உட்காரவைத்து, "யாருகிட்டயும் சொல்லக்கூடாது. ஜெயன்கிட்ட நானே பேசணும். அதுவரைக்கும் இந்த வீட்டைத் தாண்டக்கூடாது" என்று உறுதி கேட்டாள். சத்தியம் பண்ணுவது வேதத்துக்கு விரோதம் என்பதால் வன்னியராஜ் சத்தியம் பண்ணவில்லை. "சரி மக்களே" என்று மட்டும் சொன்னார்.

பொன்செல்வியின் ஃபோன் அடித்தது. சபைப் பெண்கள் சங்கத்துச் செயலாளர் கலைச்செல்வி.

"அக்கா, ஸ்தோத்திரம். ஒண்ணும் கவலைப்படாதிய. நாங்க கொஞ்சம் பேரு இன்னைக்கு உங்க வீட்டுக்காக உபவாசம்."

"எங்க வீட்டுக்கா? எதுக்கு?"

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது.

"அண்ணன் நேத்து குரூப்புல போட்ட ஜெபத்தைக் கேட்டோம்க்கா. எனக்கு அழுகையே வந்துட்டு."

பொன்செல்வி தேங்காய்த் துருவலை அப்படியே வைத்தாள். சபையின் ஜெபக் குரூப்பில் அவளும் உண்டு. ஆனால் விடிந்தால் ரோஜாப்பூவும் காலை வணக்கமுமாக வந்து குவிவதால் அதை எப்போதோ சத்தம் கேட்காதபடி வைத்திருந்தாள். இப்போது திறந்தாள். வன்னியராஜின் பெயர் போட்ட ஒரு குரல் பதிவு இருந்தது. பின்வாசலுக்குப் போய்க் காதோடு வைத்துக் கேட்டாள்.

"எங்கள் பரலோகத் தகப்பனே! கொல்லம் பட்டணத்திலே விவாகம் செய்து கொடுக்கப்பட்ட எங்கள் குமாரத்தி பெனிலாவை உம்முடைய சமுகத்தில் வைக்கிறோம். கர்ப்பத்தின் கனியை இழந்து, இனி புருஷன் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று சொல்லுகிறாளே, தகப்பனே! இது இன்னும் எங்கள் மருமகன் ஜெயனுக்குத் தெரியாது, தகப்பனே!"

இன்னும் நீளமாகப் போனது. எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார், பெனிலா எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஒன்றையும் விடவில்லை. இதில் ஆண்டவருக்குத் தெரியாத விவரம் ஒன்றும் இல்லை. தெரியாமல் இருந்தது சபைக்குத்தான். அதற்கும் இப்போது தெரிந்துவிட்டது. பதிவுக்குக் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக நின்றன.

எல்லாவற்றுக்கும் கடைசியில் சபைக் கமிட்டியிலிருக்கிற லிங்கராஜ் அண்ணாச்சியின் அறிவிப்பு. இன்று மாலை சகோதரர் வன்னியராஜ் இல்லத்தில் அவசர ஜெபக் கூட்டம், அனைவரும் வாரீர். எந்த வீட்டுக்கு எல்லாரும் வருகிறார்களோ அந்த வீட்டுக்காரியை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கர்த்தாவே, இந்த மனுஷனை நான் என்ன செய்ய? நீரே சொல்லும்!" என்றாள். பின்வாசல் மழை அவள் காலில் தெறித்தது.

வாசலில் மணி அடித்தது. அடுத்த வீட்டு ஜிஜி. கையில் மூடிபோட்ட பாத்திரத்தில் மரவள்ளிக்கிழங்கு. ஜிஜியின் சபை வேறு, மொழி வேறு, குரூப்பும் வேறு. ஆனாலும் செய்தி மதில் தாண்டிப் போயிருந்தது என்பதை அவளுடைய முகமே சொன்னது.

"சேச்சி, கொஞ்சம் கப்பயும் மீன்கறியும். நான் ஒண்ணும் கேக்கல கேட்டோ." உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மோள் உறங்குதா? பாவம்! டைவர்ஸ்னு சொன்னப்ப எனக்கு ஷாக்காயிப் போச்சு."

"யாரு சொன்னா டைவர்ஸ்னு?"

"இல்லே?"

ஒரு ராத்திரிக்குள் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். பொன்செல்வி பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, கதவைச் சாத்தினாள். பெனிலா எழுந்து ஃபோனைத் திறப்பதற்குள் அந்தப் பதிவை அழித்தாக வேண்டும். அவள் ஜெயனிடம் தன் வாயால் சொல்லவேண்டியது, ஊர் வாயால் அவனுக்குப் போகக்கூடாது. அது போய்விட்டால் மகளுக்குப் புகுந்த வீடும் இல்லை, பிறந்த வீடும் இல்லை.

மகளின் அறைக்கதவை லேசாகத் தட்டி, "மக்களே, நான் கடை வரைக்கும் போயிட்டு வாறேன். யாரு மணி அடிச்சாலும் திறக்காத" என்றாள். உள்ளேயிருந்து "ம்" என்று மட்டும் வந்தது.

கிழக்கேகோட்டை பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வாய்க்குள் பேசிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் நின்ற காலேஜ் பெண் ஒருதரம் திரும்பிப் பார்த்து, பாட்டு முணுமுணுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டாள். பாட்டு இல்லை. 'உமக்குத்தான சொன்னாரு? நீரு அப்பவே அந்த ஃபோனைக் கீழ தள்ளி உடைச்சிருக்கலாம்லா?' என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பழவங்காடியில் கணபதி கோயிலைத் தாண்டி, தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்கிற தூரத்தில் வன்னியராஜின் குடை, பைக் கடை. பள்ளிக்கூடம் திறந்த நேரம், அதோடு மழை. வருஷத்து வியாபாரம் முழுவதும் இந்த நாட்களில்தான். ஆனால் முதலாளி காதில் இயர்ஃபோனை மாட்டி, கண்ணை மூடி, ஏதோ பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஒரு அம்மாள் பள்ளிப் பையின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தபடி, "சேட்டா, சேட்டா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பொன்செல்வி எட்டி அந்த வயரைப் பிடுங்கினாள்.

வன்னியராஜ் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தில் பாதி உயிர் போய்விட்டது.

"செல்வி, நீ எதுக்கு மழையில..."

"அந்தக் குரூப்புல போட்டத முதல்ல அழிங்க. மத்ததப் பொறவு பேசலாம்."

"ஜெபந்தான போட்டேன்."

"ஜெபமா? எட்டு ஊருக்கு மைக் கட்டிச் சொன்ன மாதிரி சொல்லி வச்சிருக்கிய. ஜெயனுக்குத் தெரியாதுன்னு வேற அதுலயே சொல்லுதிய!"

"ஆண்டவர்கிட்ட எதையும் மறைக்கலாமா?"

"ஆண்டவர் அந்தக் குரூப்புல இருக்காரா? அவரு நம்பரு உங்ககிட்ட இருக்கா?"

பை வாங்க வந்த அம்மாளுக்குத் தமிழ் நன்றாகவே புரிந்தது. அவள் பையை மெதுவாக வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தாள்.

வன்னியராஜ் ஃபோனைத் தடவினார். எதையோ அழுத்தினார். முகம் மலர்ந்தது. "போயிட்டு. பாரு, இல்ல."

பொன்செல்வி தன் ஃபோனைப் பார்த்தாள். பதிவு அங்கேயே இருந்தது. கும்பிட்ட கைகள் இன்னும் கூடியிருந்தன. மனுஷன் தன் ஃபோனில் மட்டும் தன் கண்ணுக்கு மறையும்படி அழித்திருந்தார். இனி அவர் நினைத்தாலும் மற்றவர்கள் ஃபோனிலிருந்து அதை எடுக்க முடியாது. ஊரெல்லாம் பார்க்க, அவர் ஒருவர் மட்டும் பார்க்க முடியாத நிலை.

"லிங்கராஜ் அண்ணாச்சிதான குரூப்பு அட்மின்? அவங்கள எடுக்கச் சொல்லுங்க."

அவர் ஃபோன் போட்டார். அவள் வாங்கி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"வன்னியராஜா, ஸ்தோத்திரம்! ஒன் ஜெபம் பெரிய அசைவை உண்டாக்கிட்டு தம்பி. நம்ம சபை மட்டுமா? கொல்லத்துல எங்க மச்சினன் இருக்கான்லா, அவன் சபைக் குரூப்புக்கும் அனுப்பிவிட்டேன். உன் சம்பந்தி வீட்டுச் சபைதான் அது. ரெண்டு சபையும் சேந்து ஜெபிச்சா வல்லமை எப்படி இருக்கும்!"

வன்னியராஜ் பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். தொங்கவிட்ட குடைகள் அவர் தலையில் இடித்தன. அவர் நகரவில்லை.

பொன்செல்விக்குக் கத்தத் தோன்றியது. கத்தினால் அழுகை வந்துவிடும் என்று தெரிந்ததால் கத்தவில்லை. "ஷட்டரை இறக்குங்க. வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

ஆட்டோ கிள்ளிப்பாலம் நெரிசலில் நின்றபோது அவர், "பத்துப் பேரு சேந்து ஜெபிச்சா வலு கூடுமேன்னு நினைச்சேன்" என்றார். அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ஹாலில் பெனிலாவின் பை நின்றது. ஜிப் போட்டு, மேலே துண்டும் மடித்து வைத்திருந்தது. பெனிலா சுடிதார் மாற்றி, தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு, கையில் ஃபோனோடு நின்றாள். ஃபோனைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"கழக்கூட்டத்துல ஃப்ரெண்டு ரூம் இருக்கு. நான் அங்க போறேன்."

"மக்களே, அப்பா..." என்று வன்னியராஜ் ஆரம்பித்தார்.

"போதும்ப்பா, மதி. கொல்லத்து அத்தை வாய்ஸ் அனுப்பியிருக்காங்க. உன் மனக்கடினம் மாறட்டும்னு ஜெபிக்காங்க. ஜெயன் விடாம கூப்பிட்டிருக்கான். நான் எடுக்கல. எடுத்து என்ன சொல்ல?" குரல் உடைந்தது. "நான் போகமாட்டேன்னு எப்ப சொன்னேன்? போக வேண்டாம்னு தோணுதுன்னுதான் சொன்னேன். நானே இன்னும் முடிவு பண்ணல. நீங்க முடிவு பண்ணி ஊருக்கெல்லாம் அனுப்பிட்டீங்க."

"உனக்காகத்தான மக்களே..."

"அங்க என்ன நடந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா? நான் அழுதா ஜெபம். அழலன்னா அதுக்கும் ஜெபம். கட்டிலைச் சுத்தி நிப்பாங்க. ஒருத்தராவது என்கிட்ட, உனக்கு வலிக்குதான்னு கேக்கல. எனக்கு மேலயே நின்னு ஆண்டவர்கிட்டப் பேசினாங்க. ஜெயனும் அவங்க நடுவுல கண்ண மூடிட்டு நின்னான். அதனாலதான் இங்க வந்தேன். இங்கயும் அதுதானா?"

சபையையே சிலிர்க்கவைத்த வன்னியராஜின் வாய் திறந்தபடி நின்றது.

பொன்செல்வி பையைத் தொடவில்லை. போகாதே என்று சொல்கிற தகுதி அன்று அந்த வீட்டில் யாருக்கும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. "மழை கொஞ்சம் குறையட்டும். ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். பெனிலா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பை ஹாலிலேயே நின்றது.

மழை குறையவில்லை. சாயங்காலம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, பொன்செல்விக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. வன்னியராஜ் வெள்ளைச் சட்டை மாற்றி, ஹாலில் பாய் விரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யிய?"

"ஆளுக வருவாங்கள்லா. வெறுந்தரையில எப்படி..."

"பாயச் சுருட்டுங்க."

"செல்வி, ஜெபக்கூட்டத்தை வேண்டாங்கலாமா? சாபம்..."

"சுருட்டுங்கன்னா சுருட்டுங்க!"

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. அவள் குடைகூட எடுக்காமல் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனாள். குடை பிடித்தபடி சந்தையே திரண்டு வந்ததுபோல் நின்றது. பாதிக் குடை வன்னியராஜின் கடையில் வாங்கியவை. முன்னால் லிங்கராஜ் அண்ணாச்சி, கக்கத்தில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய வேதப்புத்தகத்தோடு நின்றார். அவருக்குப் பின்னால் கலைச்செல்வி.

"ஸ்தோத்திரம்மா. கேட்டைத் திற."

பொன்செல்வியின் கை கேட் கொண்டியின் மேல் இருந்தது. ஜெபிக்க வந்தவர்களை வாசலோடு அனுப்பிய வீடு என்று அவள் இதுவரை ஒன்றையும் கேள்விப்பட்டதில்லை. அவளுடைய அம்மா உயிரோடிருந்தால் தலையில் அடித்துக்கொள்வாள். 'நான் செய்யுறது தப்புன்னா என்னை இப்பவே தடுத்துரும்' என்று உள்ளுக்குள் சொன்னாள். கொஞ்சம் பொறுத்தும் பார்த்தாள். அவர் தடுக்கவில்லை.

"அண்ணாச்சி, இன்னைக்கு இந்த வீட்டுல கூட்டம் இல்ல."

"என்னம்மா சொல்லுத? குரூப்புல போட்டாச்சே."

"போட்டது நீங்க. வீடு என்னது."

"பிள்ளைக்காக ஜெபிக்க வந்த ஊழியக்காரனைத் தடுக்கக்கூடாதும்மா."

"ஜெபிக்காதிங்கன்னு நான் சொல்லல. கதவைப் பூட்டிட்டு ஜெபிக்கச் சொன்னதும் ஆண்டவர்தான அண்ணாச்சி? உங்க வீட்டுக்கும் கதவு இருக்கு. அங்க இருந்து பண்ணுங்க. அவரு கேப்பாரு. என் மக காதுல விழ வேண்டாம்." குடைகளுக்கு மேலாக எல்லாரையும் ஒருதரம் பார்த்தாள். "அவ பிள்ளைய இழந்துட்டு வந்திருக்கா. அவளச் சுத்தி நிக்க இனி யாரையும் விடமாட்டேன்."

லிங்கராஜ் அண்ணாச்சியின் முகம் சிவந்தது. "இதைக் கமிட்டியில பேச வேண்டியிருக்கும்" என்றார்.

"பேசுங்க. அதையும் குரூப்புல போட்டுராதிய."

பின்னாலிருந்து கலைச்செல்வி குடையைச் சாய்த்துக்கொண்டு முன்னே வந்தாள். கேட் கம்பியின் மேலிருந்த பொன்செல்வியின் நனைந்த கையைத் தொட்டாள். "நான் என் வீட்டுல இருந்து ஜெபிக்கேன்க்கா. யாருகிட்டயும் பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் நடந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அண்ணாச்சி கடைசியாகப் போனார்.

உள்ளே வந்தபோது வன்னியராஜ் சுருட்டிய பாயைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கூட்டந்தான் இல்ல. ஜெபம் பண்ண வேண்டாம்னு உங்களை யாரு சொன்னா? இருந்து பண்ணுங்க" என்றாள் அவள், தலையைத் துவட்டிக்கொண்டு.

அவர் பாயின் ஓரத்தைப் பிய்த்தார்.

"வரல செல்வி."

"என்ன வரல?"

"தனியா இருந்தா வார்த்தை வரல. இப்பன்னு இல்ல. ரொம்ப நாளாவே. யாராவது முன்னால இருந்து ஆமென் சொன்னாத்தான் எனக்கு ஜெபம் வருது. நேத்து பிள்ளை சொன்னதக் கேட்டதும் அறையில போயி முழங்கால் போட்டேன். ஒண்ணும் வரல. பயந்துட்டேன். அதான் ஃபோனை எடுத்தேன்."

பொன்செல்விக்கு எரிச்சல் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. இவ்வளவு வருஷமாகத் தான் வாய் பிளந்து பார்த்த ஜெப வீரர் இவர்தானா? மலைக்கும் பந்தலுக்கும் ஓடி ஓடி இவர் தேடியது என்ன? வீட்டில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேச முடியாதவருக்கு எங்கிருந்து நிரம்பும்? ஆனால் அதைச் சொல்லி அவரை அடிக்க அவளுக்கு மனசில்லை. "வார்த்தை வரலன்னா சும்மா உக்காருங்க. அவரு ஒண்ணும் மேடையில மார்க் போட உக்காந்திருக்கல" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

பாத்திரம் குவிந்து கிடந்தது. குழாயைத் திறந்தாள்.

"பாத்தீரா? காலையில இருந்து ஒரு நிமிஷம் உக்காந்தேனா? ஊரே எனக்கு விரோதமா ஆயிட்டு. நாளைக்குச் சபையில எவளும் என் மூஞ்சியப் பாக்கமாட்டா. அந்தப் பிள்ளைய எதுக்கு எடுத்தீரு? நான் கேட்டுட்டே இருக்கேன், நீரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீரு. சொல்லாட்டா போம். நான் விடப்போறதில்ல. நாளைக்கும் கேப்பேன்."

"அம்மா."

பெனிலா அடுக்களை வாசலில் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"பசிக்குதா மக்களே? ஜிஜி கொண்டுவந்த கப்ப இருக்கு."

"இங்க வந்ததுல இருந்து தினமும் காலையில நீ இப்படி அவரோட சண்டை போடுறதக் கேட்டுட்டேதான் முழிக்கேன்." பெனிலா ஒரு தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். "பிள்ளைய ஏன் எடுத்தீருன்னு நீ மட்டுந்தான் கேக்க. வேற எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லுதாங்க. நீ கேக்குறதக் கேக்கத்தான் இங்க இருந்தேன்மா."

பொன்செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருவரும் அழுதுவிடுவார்கள். குழாய்த் தண்ணீர் கையில் விழுந்துகொண்டே இருந்தது. காலையிலிருந்து எல்லாரிடமும் கத்தி, பஸ்ஸில் நின்று, மழையில் நனைந்து, சபையையே பகைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். உடம்பில் தெம்பு இல்லை. ஆனால் உள்ளே வெறுமையாக இல்லை. அவ்வளவு திட்டியும் அவளுக்குப் பேச்சு தீரவில்லை, ஆண்டவரும் எழுந்து போய்விடவில்லை. இந்த நிறைவு இன்று நேற்று சேர்ந்ததில்லை. இந்த அடுக்களையில் வருஷக்கணக்காகத் தினம் தினம் சேர்ந்தது. அது மனதில் பட்டதும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. 'இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா நீரு?'

ஹாலில் நாற்காலி நகரும் சத்தம். வன்னியராஜ் ஜன்னலருகே போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் அடுக்களை வாசலுக்கு வந்தார். எதையோ உரக்கச் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, மகளின் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மக்களே, ஜெயன் வந்திருக்காரு. எதிர்க்கடை ஓரத்துல நிக்காரு. ஆளுகளோட வரல, தனியாத்தான் வந்திருக்காரு. நான் கூப்பிடல. திறக்கணுமா வேண்டாமான்னு நீ சொல்லு."

பெனிலா துடைத்த தட்டை மேடையில் வைத்தாள். ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். ஜெயன் முழுக்க நனைந்திருந்தான். குடை இல்லை. கேட்டருகே கூட்டம் நின்றதிலிருந்தே அவன் அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

அவள் கதவுக்குப் பின்னால் தொங்கிய குடையை எடுத்தாள். ஹாலில் நின்ற பையை ஒருதரம் பார்த்தாள். அதை எடுக்கவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை. அதைத் தாண்டி, மழையில் இறங்கிப் போனாள்.

கேட்டுக்கு இந்தப் பக்கம் அவள் நின்றாள். அந்தப் பக்கம் அவன் வந்து நின்றான். கேட் சாத்தியபடியே இருந்தது. ஜெயன் முதலில் ஏதோ சொன்னான். பிறகு அவளும் பேசினாள்.

ஓட்டின் மேல் மழை சடசடவென்று அடித்தது. என்ன பேசுகிறார்கள் என்று ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வன்னியராஜ் காதைத் தீட்டிக்கொண்டு ஜன்னலை நோக்கி ஓர் எட்டு வைத்தார். பொன்செல்வி ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள்.

"வாங்க. இப்படி உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வன்னியராஜ் பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அணைத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். கண்ணை மூடினார். அவருடைய உதடுகள் அசைந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்செல்விக்குக்கூட ஒன்றும் கேட்கவில்லை.